ஊர்ப் பேச்சும் ஊர் நிலையும்

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்றார்கள் நம் முன்னோர். மூட வழியில்லாத அந்த வாயிலிருந்து வருவதையெல்லாம் நொடிப்பொழுதில் திரட்டி, வரிசைப்படுத்தி, எண்ணிட்டு, எஜமானரின் மேஜைமீது வைக்கும் யந்திர ஏவலாள் ஒருவன் இப்போது பிறந்திருக்கிறான். அவனைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். இது பட்டணத்துப் படிப்பாளிகளின் விஷயம், நமக்கென்ன என்று தோட்டத்து அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாம் வாங்கும் துணி, நமக்குக் கிடைக்கும் வேலை, நம்மைப் பற்றி ஊரார் கொள்ளும் எண்ணம் ஆகிய யாவும் இனி இந்த ஏவலாள் கொண்டுவரும் பட்டியலைப் பார்த்துத் தீர்மானிக்கப்படக்கூடும். ஆகவே சற்றுப் பொறுமையுடன் படிக்கக் கோருகிறோம்.

இதைச் சொல்ல நாம் யார் என்று கேட்கும் உரிமை வாசகர்களுக்கு உண்டு. ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். சிறு வயதில் நாள்தோறும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் ஆங்கிலப் பள்ளியில் படித்தோம். தமிழைப் பள்ளியில் கற்றதைவிடத் தேக்காவின் கடைப் பலகைகளிலும் இம்மாதிரிப் பத்திரிகைகளிலும் கற்றதே அதிகம். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் ரோட்டில் நடந்து வருவது இன்றும் நம் வழக்கம். நாம் யந்திர நிபுணர் அல்லோம். ஆனால் செக்ரோலும் பேரேடும் எழுதும் கை நம்முடையது. ஒரு பட்டியலைக் கண்டால் அதில் யார் பெயர் விட்டுப்போயிற்று என்று பார்ப்பது நம் தொழிற்பழக்கம். அப்பழக்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் விஷயம் இன்னதென்று விளக்கிவிடுவோம். முகநூல், இன்ஸ்டகிராம், யூடியூப், டிக்டாக், முன்பு டுவிட்டர் என்று வழங்கி 2023 ஜூலையில் எக்ஸ் என்று பெயர் மாறிய தளம் ஆகிய இவை இக்காலத்தின் சந்தைவெளிகள். 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்னும் அமெரிக்கர், ஒரு சொல்லின் முன்னே குறுக்கும் நெடுக்குமாக இரண்டிரண்டு கோடு கொண்ட குறியை இட்டால் அச்சொல்லைப் பற்றிய பேச்சையெல்லாம் ஒரே இடத்தில் காணலாமே என்று யோசனை கூறினார். அடுத்த ஆண்டிலேயே, அன்றன்று எழும்பும் சொற்களைப் பட்டியலாகக் காட்டும் வழக்கத்தை டுவிட்டர் தொடங்கிற்று. இதைத்தான் இன்று பள்ளிப் பிள்ளைகளும் டிரெண்டிங் என்கிறார்கள். நாம் பேச்சுப்போக்கு என்று சொல்லுவோம்.

இது ஒருபுறமிருக்க, செயற்கை நுண்ணறிவு என்னும் யந்திரம் வந்தது. கேட்ட கேள்விக்கு மனிதரைப் போலவே எழுதி விடையளிக்கும். ஆனால் அது கற்றதெல்லாம் ஒரு குறிப்பிட்ட நாள்வரை படித்தவையே. இன்று காலை தேக்காவில் கத்தரிக்காய் என்ன விலை என்பது அதற்குத் தெரியாது. ஆகவே அதற்குக் கைகால் கொடுத்தார்கள். தபாலைப் பார்த்துவர ஒரு கருவி, வானிலையைக் கேட்டுவர ஒரு கருவி, கணக்கைக் கூட்டித்தர ஒரு கருவி என்று இப்படிப் பல. கருவிகளைத் தானே ஏவி வேலையை முடிக்கும் யந்திரத்தை முகவர் என்கிறார்கள். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்னும் அமெரிக்கக் கம்பெனி, எந்தக் கருவியும் எந்த முகவரோடும் பொருந்தும்படி ஒரு பொது இணைப்பு முறையை வெளியிட்டது. எல்லாக் குழாய்க்கும் ஒரே மரை வைத்தது போலாயிற்று. அதன்பின் சிறு சிறு மென்பொருள் எழுத்தாளரும் இத்தகைய கருவிகளை எழுதிக் குவித்துவிட்டனர். அவற்றுள் ஒன்றே, சமூகத் தளங்களின் பேச்சுப்போக்கை எடுத்துவந்து முகவர் கையில் கொடுக்கும் கருவி.

அதன் வேலை முறை மிகவும் எளியது. "இன்று சிங்கப்பூரில் என்ன பேசிக்கொள்கிறார்கள்?" என்று முதலாளி கேட்கிறார். முகவர் ஒரு துண்டுச் சீட்டு எழுதுகிறது. எந்தத் தளம், எந்த ஊர், எத்தனை வரி என்பவை அதில் இருக்கும். கருவி அச்சீட்டுடன் தளத்தின் வாயிலுக்குச் சென்று பட்டியலை வாங்கி வருகிறது. முகவர் அதைப் படித்து அறிக்கை எழுதுகிறது. அதிகாரம் கொடுத்திருந்தால் விளம்பரமும் எழுதும், சரக்குக்கு ஆர்டரும் போடும். அறிக்கை ஆங்கிலத்தில்தான் வரவேண்டுமென்பதும் இல்லை. ஏஐ சிங்கப்பூர் என்னும் தேசியத் திட்டம் 2023 டிசம்பரில் வெளியிட்ட சீ-லயன் என்னும் மொழி யந்திரம், தென்கிழக்காசிய மொழிகளோடு தமிழையும் கற்றிருக்கிறது. இவை நல்ல காரியங்களே. பெரிய வியாபாரிகள் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சந்தையை ஆராய்ந்த காலத்தில் சின்னக் கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து ஊகிப்பதைத் தவிர வேறு என்ன செய்தார்? அவருக்கும் ஒரு துணை கிடைத்ததற்காக நாம் மகிழவே வேண்டும்.

நிற்க. தேக்காவின் கிளைத்தெரு ஒன்றில் ஆயத்த ஆடைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் நமக்கு உண்டு. நமக்குப் பதினைந்து வயது மூத்தவர். அவரை நாம் அண்ணன் என்போம். அவர் நம்மைக் கிராணியார் என்பார். பாலிடெக்னிக்கில் படித்த அவர் மகள், தந்தைக்கு உதவியாக இத்தகைய முகவர் ஒன்றைக் கணினியில் அமைத்துக் கொடுத்தாள். 2025-ஆம் ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 20-இல் வந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பே, இளைஞர் எந்த மாதிரிச் சட்டையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று முகவரைக் கேட்டார்கள். ஒரு சினிமாப் படத்தின் பெயரையும், அதில் கதாநாயகர் அணிந்த சட்டையின் நிறத்தையும் குறிப்பிட்டு, வெகு அழகான அறிக்கை ஒன்றை அது தந்தது. அண்ணன் சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தை முன்பணமாகக் கட்டித் திருப்பூரிலிருந்து நானூறு சட்டை வரவழைத்தார். தீபாவளி முடிந்த மறுவாரம் நாம் போனபோது முந்நூற்றுக்கு மேற்பட்ட சட்டைகள் உறை பிரிக்கப்படாமல் அடுக்கில் இருந்தன.

பிறகு அந்தப் பெண் முகவரின் வேலைக் குறிப்பை வரி வரியாகப் புரட்டிப் பார்த்தாள். எக்ஸ் தளத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைச் சீட்டில் எழுதினால்தான் அந்த இடத்தின் பேச்சு கிடைக்கும். இந்தியாவின் எண் 23424848. சிங்கப்பூரின் எண் 23424948. ஓர் இலக்கமே வித்தியாசம். யந்திரம் சீட்டில் எழுதியது முன்னது! சென்னையிலும் மதுரையிலும் பேசிய பேச்சைச் சிங்கப்பூர்ப் பேச்சென்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. இதன் பயங்கரம் கிராணிகளுக்குச் சொல்லாமலே விளங்கும். செக்ரோலில் ஒரு நம்பர் மாறினால் ஒருவர் சம்பளம் வேறொருவர் கைக்குப் போய்விடும். ஆனால் அங்கே சம்பளம் போடும் நாளன்று ஆள் வந்து நிற்பார், "கிராணியாரே, என் பேரு எங்கே?" என்று கேட்பார். இங்கே வந்து கேட்க ஆளில்லை. அறிக்கையின் நடை எவ்வளவு தெளிவோ அவ்வளவு நம்பிக்கை அதன்மேல் விழுந்துவிட்டது.

"இனி அந்தத் தப்பு வராது மாமா. நம்பரைப் பூட்டி வச்சுட்டேன். இனிமே அதுவே ஆர்டர் போடட்டும்னு அப்பாகிட்ட சொல்றேன்," என்றாள் பெண். "கிராணியார் என்ன சொல்றீங்க?" என்றார் அண்ணன். எண் சரியாக இருந்திருந்தால் அந்தச் சட்டைகள் விற்றிருக்குமா? இதுவே நம் மனத்தில் எழுந்த கேள்வி. அன்று கடையில் நின்று சொல்ல நேரம் போதவில்லை. இனி எழுதுவது அவருக்குச் சொன்னதும் சொல்ல விட்டுப்போனதும் ஆகும்.

பேச்சுப்போக்குப் பட்டியல் எதை அளக்கிறது? எதைப் பற்றி அதிகம் பேர் பேசுகிறார்கள் என்பதையா? அன்று. எது திடீரென்று கிளம்புகிறது என்பதையே அது முக்கியமாக அளக்கிறது. விக்கிலீக்ஸ் பற்றிய பேச்சை வேண்டுமென்றே மறைக்கிறார்கள் என்று புகார் எழுந்தபோது, 2010 டிசம்பரில் டுவிட்டர் கம்பெனியே இதை வெளிப்படையாக எடுத்துச் சொல்லிற்று. நாள்தோறும் இலட்சம் பேர் பேசும் விஷயம் பட்டியலில் ஏறாமல் போகலாம். நேற்று பத்துப் பேர் பேசி இன்று பத்தாயிரம் பேர் பேசும் விஷயம் உச்சியில் நிற்கலாம். மழைக்காலத்தில் தோட்டத்துக் கால்வாயில் நுரைத்து வரும் வெள்ளத்தை எல்லோரும் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். வேரடியில் மாதக்கணக்காகத் தேங்கி நிற்கும் நீரை எவரும் பார்ப்பதில்லை. மரம் வாடுவதோ அந்த நீரால். அதுபோலவே சம்பளப் பிடித்தம், வேலைக்கு வர வாங்கிய கடன், ஊருக்குப் பணம் அனுப்பும் கவலை முதலியவை நேற்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. புதிதாக எழும்பாத காரணத்தால் அவை பட்டியலுக்கு யோக்கியதை அற்றவை ஆகின்றன.

அடுத்தது, பட்டியலில் யார் குரல் இருக்கிறது என்பது. சிங்கப்பூரின் 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி, ஐந்து வயதும் அதற்கு மேலுமுள்ள குடிமக்கள், நிரந்தரவாசிகளில், வீட்டில் தமிழையே அதிகமாகப் பேசுவோர் நூற்றுக்கு 2.5 பேர். நகர் முழுவதற்கும் ஒரே பட்டியல் என்றால் அந்த இரண்டரைப் பேரின் குரல் எங்கே எழும்பும்? வேலை அனுமதியில் வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களோ அந்தக் கணக்கிலேயே சேராதவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை பஃபலோ ரோட்டிலிருந்து சையத் ஆல்வி ரோடுவரை நடந்து பாருங்கள். கால் வைக்க இடமில்லாத அந்தக் கூட்டத்தில் பேச்சில்லாமலா இருக்கிறது? வாட்ஸ்அப்பில் மனைவியிடம் பேசுகிறார்கள். பிள்ளையின் முகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவை மூடிய கதவுக்குள் நடக்கும் பேச்சு. எந்தக் கருவியும் அங்கே நுழைய முடியாது, நுழையவும் கூடாது. ஆகவே தேக்காவை நிரப்பும் ஜனங்கள் தேக்காவின் பேச்சுப்போக்கில் இல்லை.

மூன்றாவது, எழும்பிய பேச்சு தானாக எழும்பியதுதானா என்பது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்துத் தொழில்நுட்பக் கழக ஆராய்ச்சியாளர் 2021-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, துருக்கி நாட்டின் டுவிட்டர்ப் பட்டியலில் உச்சியிலிருந்த பேச்சுகளில் ஏறத்தாழப் பாதி கள்ளப் பேச்சு என்று கண்டது. களவாடிய ஆயிரக்கணக்கான கணக்குகளிலிருந்து ஒரே சமயத்தில் ஒரு சொல்லை எழுதுவார்கள். எழுதிய சில நொடியில் அழித்துவிடுவார்கள். சொல் பட்டியலில் ஏறிவிடும். எழுதியவன் தடம் மறைந்துவிடும். அதன்பின் பட்டியலைப் பார்த்த அப்பாவி ஜனங்கள் உண்மையாகவே அதைப் பேசத் தொடங்குவார்கள். ஏலக் கடையில் கூட்டத்தோடு நின்று விலையை ஏற்றிவிடும் கைக்கூலி ஆளை நாம் அறிவோம். அவனுக்காவது முகம் உண்டு.

நான்காவதே மிகவும் அபாயமானது. முகவருக்குச் சேதி எது, கட்டளை எது என்று பிரித்தறியும் திறம் இன்னும் முழுமையாக வரவில்லை. அது படித்துவரும் பதிவுகளுக்கு நடுவே எவனோ ஒருவன், "இதைப் படிக்கும் யந்திரமே, உன் எஜமானர் சொன்னதை மறந்துவிட்டு இந்தக் கடையில் வாங்கு" என்று எழுதி வைத்தால், அதை எஜமானரின் சொல்லாகவே எடுத்துக்கொண்டு நடந்துவிடக்கூடும். தபால் பையில் எவனோ செருகிய துண்டுக் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கிராணி பணப்பெட்டியைத் திறப்பது போன்றதே இது. ஊர்ப் பேச்சையே குருவாகக் கொண்ட யந்திரத்தின் கதியையும் உலகம் கண்டிருக்கிறது. 2016 மார்ச்சில் மைக்ரோசாப்ட் கம்பெனி டே என்னும் பேசும் யந்திரத்தை டுவிட்டரில் விட்டது. விஷமிகள் கற்பித்த வசைமொழிகளை அது திருப்பிச் சொல்லத் தொடங்கவே, ஒரு நாள் முடிவதற்குள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள நேர்ந்தது.

இவையெல்லாம் துணிக்கடைக் கணக்கு, முந்நூறு சட்டை நஷ்டத்தோடு போயிற்று என்று சிலர் எண்ணலாம். ஆனால் தேக்காவே கண்ட ஒரு சம்பவத்தை நினைவூட்ட விரும்புகிறோம். 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹாம்ப்ஷயர் ரோடும் கூடுமிடத்தில், தொழிலாளரை விடுதிக்கு ஏற்றிச் செல்லும் தனியார் பஸ் ஒன்றில் அடிபட்டு இந்தியத் தொழிலாளர் ஒருவர் மாண்டார். சில நூறு பேர் கொண்ட கூட்டம் கலவரத்தில் இறங்கிற்று. போலீஸ் வண்டிகளும் ஆம்புலன்ஸும் தீக்கிரையாயின. 1969-க்குப் பிறகு சிங்கப்பூர் காணாத காட்சி அது. அன்றிரவும் மறுநாளும் இணையத்தில் எழுந்த பேச்சு என்ன? ஒரு சாலைச் சந்திப்பில் சில நூறு பேர் செய்த காரியத்துக்காக ஒரு நாட்டாரையும் ஒரு நிறத்தாரையும் முழுவதும் பழித்த வசைகள் ஏராளம். வெளிநாட்டவர்மீது இணையத்தில் துவேஷம் பேசுவதை ஏற்கலாகாது என்று அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் வெளிப்படையாகச் சொல்லும்படி ஆயிற்று.

அந்த இரவில் ஒரு குத்தகை முதலாளி இத்தகைய முகவரை அழைத்து, "தேக்காவில் என்ன?" என்று கேட்டிருப்பாரானால் அது எதைக் கொண்டுவந்திருக்கும்? அதிகச் சத்தம் எதுவோ அதைத்தானே! அதன்படி நடக்கும் அதிகாரமும் அதற்கு இருந்திருந்தால் எத்தனை பேர் வேலை போயிருக்கும்? ஆனால் உண்மையை அறிய அரசாங்கம் கைக்கொண்ட வழி வேறு. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. குழுவினர் இடத்தை நேரில் பார்த்தனர். போலீசாரையும் தொழிலாளரையும் அக்கம்பக்கத்தாரையும் சாட்சியாக அழைத்துக் கேட்டனர். 2014 ஜூன் இறுதியில் அறிக்கை வெளிவந்தது. விபத்தே கலவரத்தின் பொறி. மீட்புப் பணியாளர் நடந்துகொண்டதைக் கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டதும் மதுவும் தீயை வளர்த்தன. தொழிலாளரின் வேலை நிலைமைமேல் இருந்த அதிருப்தி காரணமன்று என்பது குழுவின் முடிவு. அதன் முடிவுகளை ஏற்காதவரும் உண்டு. ஆயினும் ஏற்பவரும் மறுப்பவரும் விவாதிக்க ஒரு சாட்சியம் இருக்கிறது. யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று கேட்க இடமிருக்கிறது. 2015 ஏப்ரல் முதல் தேதியில் அமலுக்கு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த வாதங்களுக்குப் பிறகு வந்ததேயன்றிப் பேச்சுப்போக்கைப் பார்த்து வந்ததன்று.

சத்தம் ஏமாற்றியதற்கு அது உதாரணம். மௌனம் ஏமாற்றியதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2020 பெப்ரவரி 7-ஆம் தேதி சிங்கப்பூரில் கொரோனா எச்சரிக்கை நிலை உயர்த்தப்பட்டவுடன் ஊர் வாயில் இருந்தது அரிசியும் கழிப்பறைக் காகிதமும் முகக்கவசமுமே. கடைகளில் அடுக்குகள் காலியான படங்களே எங்கும் சுற்றின. ஓர் அறையில் பலர் நெருங்கிப் படுக்கும் தொழிலாளர் விடுதிகளில் நோய் புகுந்தால் என்ன ஆகும் என்பதை எத்தனை பேர் பேசினார்கள்? டிடபிள்யூசி2 என்னும் தொண்டு ஸ்தாபனம் மார்ச் மாதத்தில் ஆங்கில நாளிதழுக்குக் கடிதம் எழுதி எச்சரித்தது. ஏப்ரலில் பெரிய விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் அரசாங்கம் வெளியிட்ட கணக்குப்படி, விடுதித் தொழிலாளரில் 47 சதவீதத்தினருக்கு நோய் தொற்றியிருந்தது. பட்டியலைப் பார்த்தவர்க்கு அது மார்ச்சில் தெரிந்திராது. விடுதிக்குப் போய் வந்தவர்க்குத் தெரிந்திருந்தது.

மனிதர் மட்டும் யோக்கியரா, அந்நாளில் கங்காணி துரையிடம் கோள் சொல்லவில்லையா என்று அன்பர்கள் கேட்கக்கூடும். சொன்னார், நாம் மறுக்கவில்லை. ஆனால் கங்காணிக்குப் பெயர் உண்டு. "உனக்கு யார் சொன்னது?" என்று அவரைக் கேட்கலாம். பெரட்டில் நிற்கும் ஆட்களை அழைத்து அவர் சொன்னதைச் சரிபார்க்கலாம். பேச்சுப்போக்குக்கு அப்படி ஒரு பொறுப்பாளி இல்லை. ஊர் சொல்லிற்று என்று முகவர் சொல்லும். முகவர் சொல்லிற்று என்று முதலாளி சொல்வார். வேலை போனவர் யாரிடம் போய் முறையிடுவது?

நம் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம். செம்பனைக் குலைகளை வெட்டிச் சாலையோரம் அடுக்கியபின் எண்ணிக் குறித்துக்கொள்வோம். எண்ணும்போது சிறு குலையும் ஒன்று, பெருங்குலையும் ஒன்று. ஆலையின் எடைமேடையில் ஏறும்போதுதான் எது எவ்வளவு என்பது தெரியும். உதிரிப் பழமோ எண்ணிக்கையில் வருவதே இல்லை. தரையில் கிடக்கும் அதைக் குனிந்து பொறுக்க வேண்டும். ஆனால் நன்கு பழுத்து உதிர்ந்த அந்தப் பழத்தில்தான் எண்ணெய் மிகுதி. குலைக் கணக்கை மட்டும் நம்பி உதிரியை விட்டுவிடும் தோட்டம் நஷ்டப்படும். பேச்சுப்போக்குப் பட்டியல் குலைக் கணக்கு. தேவையான கணக்குத்தான், அதுவே முழுக் கணக்கு ஆகாது.

அண்ணனிடம் நாம் சொன்ன யோசனை மிகச் சிறியது. கல்லாப் பெட்டி அருகே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். விற்றதை எழுத வேண்டாம், அதற்கு யந்திரம் இருக்கிறது. வந்தவர் கேட்டு நீங்கள் "இல்லை" என்று சொன்னதை மட்டும் எழுதுங்கள் என்றோம். எட்டு ஞாயிற்றுக்கிழமை எழுதினார். சினிமாச் சட்டையைக் கேட்டவர் இரண்டு பேர். பெண் குழந்தைகளுக்குக் கவுன் கேட்டவர் அறுபதுக்கு மேல்! கேட்டவர் யாவரும் தனியே வந்திருக்கும் தொழிலாளர். அளவு கேட்டால் கையை இடுப்புக்கு நேரே வைத்து, "இவ்வளவு உயரம் இருப்பா அண்ணே, போன வருஷம் பார்த்தப்போ," என்பார்கள். ஒருவர் மனைவி அனுப்பிய நூல் அளவைப் பர்சில் மடித்து வைத்திருந்தாராம். ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்ப நல்ல கவுன் வேண்டும். விலை இருபது வெள்ளிக்குள் இருக்க வேண்டும். இதை எவரும் எந்தத் தளத்திலும் எழுதவில்லை. ஆண்கள் கடை என்று அண்ணன் அதுவரை குழந்தைத் துணியே வைக்கவில்லை. இப்போது ஓர் அலமாரி வைத்திருக்கிறார்.

அதற்காக முகவரைத் தூக்கி எறிந்துவிடும்படி நாம் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் உழைப்பை மதிக்கிறோம். அவளோடு கலந்து சில விதிகளை எழுதிக்கொண்டோம். பட்டியலோடு இடத்தின் எண்ணையும் நேரத்தையும் முதல் வரியில் காட்ட வேண்டும். எத்தனை கணக்குகளிலிருந்து எழுந்த பேச்சு என்பது தெரிந்தால் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுத வேண்டும். நேற்றும் சென்ற மாதமும் அப்பேச்சு இருந்ததா என்று ஒப்பிட வேண்டும். படித்துவந்த பதிவுகளில் உள்ள எந்த ஏவலையும் நிறைவேற்றக் கூடாது. அறிக்கையின் அடியில் இந்தப் பட்டியலில் இடம்பெறாதவர் யார் யார் என்று ஒரு வரி இருக்க வேண்டும். கடைசியாக, பணம் கட்டும் காரியத்தை அது தொடவே கூடாது. இந்தக் கடைசி விதிக்கு மட்டும் பெண் சற்று முகம் சுளித்தாள். "அப்புறம் எதுக்கு மாமா முகவர்?" என்றாள். அண்ணன் அவளுக்கு விடை சொல்லவில்லை. அடுக்கிலிருந்த சட்டைகளைக் காட்டினார்.

தோழர்களே! இக்கருவிகள் பெருகத்தான் போகின்றன. கடை முதலாளியும் குத்தகைக்காரரும் பத்திரிகையும் சர்க்காரும் இவற்றைக் கையாளத்தான் போகிறார்கள். எழுதப்படாத குரல் இருப்பதாகவே அவை அறியா. ஆகவே தோட்டத்தாராயினும் பட்டணத்தாராயினும் நம் குறையையும் தேவையையும் நாமே தமிழில், நம் பெயரிட்டு, கிரமமாக எழுத வேண்டும். ஒரு நாள் கூச்சலாக அல்ல, மாதந்தோறும். கருவி செய்யும் வேலையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு, பட்டியல் தயாரானவுடன் ஒரு ஞாயிறு மாலை தேக்காவுக்கு நடந்துபோய் வரும்படி சொல்ல வேண்டும். வேலை கொடுப்பதும் நீக்குவதும் சரக்கு எடுப்பதும் ஆகிய காரியங்களில் கையெழுத்துப் போடுகிறவர், பட்டியலைப் பார்த்தபின் ஆளையும் ஒரு முறை அழைத்துக் கேட்கட்டும். அதற்குச் செலவாகும் அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தித்தான் எந்த முதலாளியும் பிழைக்க வேண்டுமென்பதில்லை.